நான் அழித்த குரல் பதிவு

மதுரைக்குப் புயல் வராது. இதை எந்த வானிலை நிலையமும் சொல்லவில்லை, மதுரைக்காரர்களாகிய நாங்களே சொல்லிக்கொண்டது. புயல் என்றால் சென்னைக்கு, கடலூருக்கு, நாகப்பட்டினத்துக்கு. மழைக்கோட்டு மாட்டிய ஒருவர் கடற்கரையில் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு மைக்கில் கத்துவார், நாங்கள் இங்கே பருத்திப்பால் குடித்தபடி டிவியில் அவரைப் பார்ப்போம். என் அப்பா மட்டும் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலைப் பற்றிச் சொல்வார். அன்றைக்கு மதுரையிலும் காற்று பேய்போல ஊளையிட்டது, ஓடுகள் பறந்தன என்பார். நாங்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம்.

எனக்கு இந்தத் திமிர் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே இருந்தது. ஏனென்றால் எனக்கு வானிலை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோரிப்பாளையத்தில் எனக்கு பம்புசெட் கடை. மோட்டார், பிவிசி பைப், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் விற்கிறேன். அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து விவசாயிகள் வருவார்கள். மோட்டார் விலையைக் கேட்டுவிட்டு அடுத்ததாக, "மழை உண்டாண்ணே?" என்பார்கள். மழை வந்தால் மோட்டார் வாங்குவதைத் தள்ளிப்போடலாம் அல்லவா. பதில் சொல்வதற்காகப் போனில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்தேன். தினமும் அளந்து நோட்டில் எழுதினேன். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். "நூல் யாவாரம் பார்த்த குடும்பத்தில் பிறந்துவிட்டு மேகத்தை என்ன மொட்டைமாடியில் காயவைக்கப் போகிறீர்களா?" என்று என் மனைவி எங்கள் மொழியில் கேட்பாள். அவள் கேலி எனக்கு உறைக்கவில்லை.

வாடிக்கையாளர்களுக்காக ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தேன். படிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காகக் குரல் பதிவாகவே போட்டேன். நாலைந்து முறை நான் சொன்ன மழை சொன்ன நேரத்தில் பெய்தது. அதோடு என் குரலே மாறிவிட்டது. பேசி அனுப்பியதும் நானே அதைத் திரும்பப் போட்டுக் கேட்பேன். நன்றாக இருந்தால் இன்னொரு முறையும் கேட்பேன். இதை எழுதும்போது காது சுடுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

குரூப்பில் இருந்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அலங்காநல்லூர் தாண்டி வாழை போட்டிருந்த ஒரு சம்சாரி. அவர் என்னை அண்ணே என்பார், நானும் அவரை அண்ணே என்பேன். மதுரையில் யார் மூத்தவர் என்று யாரும் விசாரிப்பதில்லை, இரண்டு பேருமே அண்ணன்தான். அவர் உழுத நிலம் அவருடையதல்ல. மனைவிக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த நிலம். மனைவியின் அண்ணன் பக்கத்து ஊரில் இருந்தார். அவர் அடிக்கடி வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று இவர் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் இவர் தலைநிமிர்ந்து நிற்பது அந்த வாழையைப் பொறுத்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு சித்திரை மாதம், மறுநாள் சாயங்காலம் சூறைக்காற்று அடிக்கும் என்று குரூப்பில் முழங்கினேன். வாழை தார் தள்ளியிருக்கும்போது பலத்த காற்று வந்தால் சம்சாரிகள் இரண்டு வேலை செய்வார்கள். காற்றுப் பிடிக்காமல் இருக்க இலைகளைக் கழித்துவிடுவார்கள், மரத்துக்குக் கம்பு ஊன்றி முட்டுக் கொடுப்பார்கள். அவர் என் பேச்சைக் கேட்டு ஒரு பகுதியில் இலைகளை எல்லாம் கழித்துவிட்டார். மேகம் நத்தம் பக்கம் போய்விட்டது. இங்கே ஒரு தூசிகூடப் பறக்கவில்லை. அடுத்த பத்து நாள் வெயிலில் நிழல் இல்லாமல் அவருடைய காயெல்லாம் கருகியது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் குரூப்பில் விட்டு வைப்பார்களா? "என்னண்ணே, ஒங்க காத்து மாட்டுத்தாவணி பஸ்ஸ்டாண்டுல எறங்காம பைபாஸ்லயே போயிருச்சா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா மழையே ஊரவிட்டு ஓடிரும் மாப்ள" என்று எழுதினார். நானும் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டுவைத்தேன். உள்ளே வெந்துகொண்டிருந்தேன். அவருடைய காய் கருகியதற்காக அல்ல, என்னைக் கிண்டல் பண்ணிவிட்டார்களே என்றுதான்.

அந்தக் கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் உருவானது. டெல்டா பக்கம் கரையைக் கடக்கும் என்றார்கள். உள்மாவட்டங்களிலும் காற்று இருக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. நான் அதை அப்படியே குரூப்பில் எழுத்தாகப் போட்டேன். அப்படிப் போட்டால் எப்படி நடந்தாலும் நம்மேல் பழி வராது. அன்று காலையில் அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது.

"அண்ணே, டிவியில புயலு புயலுங்கிறாக. நம்ம பக்கம் காத்து இருக்குமா? தாரு முக்காவாசி வெளைஞ்சிருச்சு. இப்பவே வெட்டிறவா? இல்ல எலையக் கழிச்சுவிட்டுக் கம்பு ஊனவா? அம்புட்டு மரத்துக்கும் இன்னைக்கு ஆள் விட்டாத்தான் முடியும். போன தடவ மாதிரி ஆயிறக் கூடாதுல்ல, அதான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்குறேன்."

போன தடவை மாதிரி. அந்த மூன்று சொல் போதுமானதாக இருந்தது. அவர் குத்திக்காட்டவில்லை, பயந்துபோய்க் கேட்டார். எனக்குத்தான் அது குத்தலாகக் கேட்டது. நான்கு வெளிநாட்டு வரைபடங்களைப் பார்த்தேன். மூன்று, புயல் திருச்சிக்கு வடக்கே போய் வலுவிழக்கும் என்றன. ஒன்று மட்டும் திண்டுக்கல்லை உரசிக்கொண்டு வந்தது. அந்த ஒன்றை மூடிவிட்டு மைக்கை அழுத்தினேன்.

"அண்ணே, ஒண்ணும் பண்ண வேணாம். கரையத் தாண்டுனதும் அது செத்த பாம்பு. திருச்சி பக்கமே மழையா முடிஞ்சிரும். நம்ம பக்கம் ஒரு எலகூட ஆடாது. நான் சொல்றேன்ல, கேரண்டி. ஆளு கீளு விட்டுச் செலவு பண்ணிக்கிட்டிருக்காதீங்க."

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கழித்துவிடுங்கள், போனால் காய்தானே கருகும் என்று சொல்லியிருக்கலாம். கேரண்டி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கடையில் மோட்டாருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல் அது.

மறுநாள் விடியும்போது புயல் கரையைக் கடந்தது. பத்து மணிக்கு நான் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றினேன். வானம் கிழக்கே ஒரு மாதிரி அழுக்குப் பச்சையாக இருந்தது. பத்தரைக்குக் காற்று வந்தது. எதிர்க்கடையின் பிளக்ஸ் பேனர் கிழிந்து மின்கம்பியில் தொங்கியது. வாசலில் வைத்திருந்த பைப் கட்டு தானாகவே ரோட்டில் உருண்டது. தர்கா பக்கம் ஒரு மரம் சாய்ந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஷட்டர் இரண்டு மணி நேரம் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நகரத்துக்குள்ளேயே இப்படி என்றால் திறந்த வயலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் பேசப் போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன்.

ஒரு மணிக்குக் காற்று நின்றது. வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சாப்பிட உட்காரும்போது குரூப்பைத் திறந்தேன். நான் போட்ட அந்த எழுத்துச் செய்தியைக் காட்டி, "அண்ணே கரெக்டாச் சொன்னீங்க, உள்மாவட்டத்துல காத்துன்னு" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சித்திரையில் பைபாஸ் ஜோக் அடித்தவரே கைகூப்பும் படம் போட்டிருந்தார். நான் நன்றி என்று எழுதினேன்.

பிறகு அவருக்கு அனுப்பிய குரல் பதிவுக்குப் போனேன். ஒருமுறை போட்டுக் கேட்டேன். ஒரு எலகூட ஆடாது. கேரண்டி. அதை அழுத்திப் பிடித்தேன். எல்லோருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றேன். நீக்கப்பட்டது என்று ஒரு சின்ன வரி அந்த இடத்தில் நின்றது. அது உறுத்தியது, இருந்தாலும் அவர் இதையெல்லாம் எங்கே கவனிக்கப்போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"சோறு ஆறுது, போன்ல என்ன அழிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"ஸ்டோரேஜ் ஃபுல்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

அடுத்த நாள் அவர் தோட்டத்துக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அங்கே என்ன பேச்சு ஓடுகிறது, என் பெயர் அடிபடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

வழியெல்லாம் வாழைத் தோட்டங்கள். இலை கழித்துக் கம்பு ஊன்றியவர்களுக்குப் பாதி நின்றிருந்தது. இவருடைய தோட்டத்தில் நிற்பது என்று எதுவும் இல்லை. அத்தனை மரமும் ஒரே பக்கமாகத் தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. சில நடுவில் முறிந்து, தார் மண்ணில் புதைந்திருந்தது. முறிந்த தண்டுகளின் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியது. வரப்பில் அவர் குத்தவைத்திருந்தார். மனைவி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். மனைவியின் அண்ணனும் வந்திருந்தார்.

"வாங்கண்ணே" என்று எழுந்தார் அவர். எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த நிலையிலும் சொன்னார்.

மனைவியின் அண்ணன் அதுவரை பேசாமல் இருந்திருப்பார்போல. அப்போதுதான் கேட்டார். "ஊரே எலையக் கழிச்சிருக்கு. காத்து வராதுன்னு ஒங்களுக்கு மட்டும் யாரு மாப்ள சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "யாரும் சொல்லல மச்சான். நானாத்தான் நெனச்சேன்."

எனக்கு மூச்சு வந்தது. இந்த வாக்கியத்தை எழுதாமல் விடத்தான் ஆசை. ஆனால் அவர் பழியை ஏற்றுக்கொண்ட அந்த நொடியில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். "நீங்களா நெனச்சீகளா? காத்தப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்? எம்புட்டுப் பெரிய படிப்பு படிச்சிட்டு வந்து நெனச்சீக?" என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். அவள் மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். "பக்கத்துத் தோட்டத்துக்காரன் கம்பு ஊனும்போது கைகட்டி வேடிக்கை பாத்தீகளே, யாரு பேச்சையும் கேக்காமத்தான் பாத்தீகளா?" மறுபடி நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள். நியாயம் கேட்கிறாளாக்கும் என்று நானும் உச்சுக்கொட்டினேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க. யாருமே சொல்லலையா?"

"விடும்மா" என்றேன் நான். "இயற்கை. அவரு என்ன பண்ணுவாரு?"

அதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை நான் இன்றைக்குத் தூங்குவேன். அவள் அண்ணன் என்னிடம் திரும்பினார். "நீங்க வானிலை சொல்ற கடைக்காரருதான? நீங்க என்ன சொன்னீங்க?"

நேருக்கு நேராகக் கேட்டார். ஒரு வார்த்தை போதும். நான் போனை எடுத்தேன். குரூப்பைத் திறந்து அந்த எழுத்துச் செய்தியை அவரிடம் காட்டினேன். உள்மாவட்டங்களிலும் காற்று இருக்கலாம்.

அவர் படித்தார். தலையாட்டினார். "பாத்தீகளா மாப்ள, அவரு முன்னாடியே சொல்லியிருக்காரு. நீங்கதான் கேக்கல."

"ஆமா மச்சான்" என்றார் அவர்.

மோர் வந்தது. குடித்தேன். அதில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. தை பிறந்ததும் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் வால்வு வாங்க வந்தபோது விஷயம் தெரிந்தது. நிலத்தை மனைவியின் அண்ணனே கையிலெடுத்து வெளியாளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டாராம். காற்று வருகிறது என்று ஊரே சொல்லியும் கேட்காத ஆள் கையில் நிலம் எதற்கு என்றாராம். "அந்த மனுசனுக்கு இப்ப வீட்டுல பேச்சுக்கு மதிப்பில்லண்ணே. யாரு சொன்னாலும் கேக்க மாட்டாருன்னு பேராயிருச்சு" என்றார் வால்வு வாங்க வந்தவர். எல்லார் பேச்சையும் கேட்டு நடந்த மனிதர் அவர். என் பேச்சையும் சேர்த்துக் கேட்டார், அதுதான் அவர் செய்த தப்பு. நான் ரசீது எழுதிக்கொடுத்தேன். தொகையைத் தப்பாகப் போட்டு, கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

அப்போதாவது கிளம்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தக் குத்தகை முடியட்டும், கொஞ்சம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன். குரூப்பை மட்டும் கலைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் கண் வலி என்றேன்.

அடுத்த ஆவணியில் என் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பூ எடுக்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். சம்பங்கி மூட்டைகளோடு வந்து நின்ற லோடு ஆட்டோவிலிருந்து அவர் இறங்கினார். இளைத்திருந்தார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"அண்ணே! வாங்கண்ணே, நல்லா இருக்கீகளா? கண்ணு வலின்னாங்க, இப்ப எப்படி இருக்கு?"

அவர் என் கண்ணைக் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பூ வாங்காமலே வீட்டுக்கு வந்து, அன்றைக்கு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "இதை எங்கிட்டச் சொல்லி என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். அவரும் மனைவியும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நான் நின்றேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

"அம்மா, அன்னைக்குக் காத்து வராதுன்னு இவருகிட்டச் சொன்னது நான்தான். கேரண்டின்னு சொன்னேன். அப்புறம் அந்தப் பதிவ அழிச்சிட்டேன். ஒங்க அண்ணன் கேட்டப்பவும் மறைச்சிட்டேன்."

சொல்லிவிட்டேன். நெஞ்சில் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தெரியும்ணே" என்றாள். "நீங்க அனுப்புன பேச்ச ஸ்பீக்கர்ல போட்டு நானும்தான் கேட்டேன். காத்தடிச்ச அன்னைக்கு மத்தியானம் திரும்பப் போட்டுப் பாக்கப் போனா, அழிச்சிட்டதா எழுதியிருந்துச்சு. நான்தான் இவருக்குப் படிச்சுச் சொன்னேன்."

"அப்புறம் ஏம்மா அன்னைக்கு அவரை அந்தப் பேச்சுப் பேசுனீங்க?"

"அவரையா பேசுனேன்? ஒங்களத்தான் பேசுனேன். வீட்டுக்கு வந்த ஆள எங்க அண்ணன் முன்னாடி எப்படிண்ணே நேராக் கேக்குறது? இவர வஞ்சா, மனசு பொறுக்காம நீங்களே 'நான்தாம்மா சொன்னேன்'னு குறுக்க வருவீகன்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் பேச்ச நிறுத்தி ஒங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க உச்சுக்கொட்டுனீக."

பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

"இப்பவே ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போவோம்" என்றேன். "நான் அவர்கிட்டச் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார். கோபமே இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

"வேணாம்ணே. இம்புட்டு நாள் கழிச்சுச் சொன்னா, நான்தான் சொல்லிக்குடுத்து ஒங்களக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு நெனைப்பாரு. இருக்குற பேரோட, பொய் சொல்றவன்னும் ஒரு பேரு வந்துரும்."